அம்மாளைக் குளிர்விக்கும் கரை

வைகாசியில் மட்டக்களப்புப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள் தப்பாமல் எதிர்ப்படும். பகலில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. இரவில் ஏதோ ஒரு திசையிலிருந்து வரும் பறைமேளம். கச்சான் உதட்டை வெடிக்க வைக்கும், வாவியோரத்துச் சேற்றைப் பாளம் பாளமாகப் பிளக்கும். பிள்ளைகளுக்குச் சின்னமுத்தும் கொப்புளிப்பானும் வருகிற காலமும் அதுதான். வந்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். 'அம்மாள் வந்திரிக்கா' என்று அடக்கமாகச் சொல்வார்கள். பறைமேளம் அந்த அம்மாளுக்காக, கண்ணகிக்காகத்தான்.

இந்தப் பகுதிக் கண்ணகி கோயில்கள் பலவற்றுக்கு வருடத்தில் ஒருமுறைதான் கதவு திறக்கும். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், வந்தாறுமூலை என்று தெற்கிலிருந்து வடக்குவரை வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிச் சடங்கு நடக்கும். கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், நெல்லுக் குத்துதல், பொங்கல், கடைசியில் அம்மாளைக் குளிர்விக்கும் குளிர்த்தி. அதோடு கதவு அடைபட்டுவிடும். அடுத்த வைகாசி வரைக்கும் அம்மாளை ஊர் தொந்தரவு செய்யாது.

வெயிலும் வரட்சியும் கொள்ளை நோயும் அநியாயம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் கோபம். அதைத் தணிக்கும் வேலை மனிதர் தலையில் விழுந்த கடமை. இப்படி ஒரு கணக்கு இந்த மண்ணில் நெடுநாளாக இருக்கிறது. அந்தக் கடமை யார்மேல், எப்படி இறங்குகிறது என்று பார்க்கவே கிளம்பினேன். பேர்பெற்ற தென்பகுதிக் கோயில்களை விட்டு வடக்கே வாழைச்சேனையைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. ஆறு, களப்பு, கடல், காடு நான்கும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் இடம் அது. நான்குமே அந்த ஊரை ஒவ்வொரு முறை உலுக்கியிருக்கின்றன.

கொழும்பில் காலையில் ஏறினால் உதயதேவி பிற்பகலில்தான் வாழைச்சேனையைத் தொடும். பொலன்னறுவையைக் கடந்து, மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டி, வெலிக்கந்தை வழியாகப் போகும்போது சிங்கள ஊர்களின் பெயர்ப்பலகைகள் மெல்லத் தமிழாகும். புனானை வந்ததும் காடு தண்டவாளத்தை ஒட்டி வந்துவிடும். ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்றால் உலகத்துக்கு அறிமுகமான இடம் புனானை. 1924 இல் அகார் என்ற வெள்ளைக்காரக் கப்டன் அதைச் சுட்டு வீழ்த்தினார். பாடம் செய்யப்பட்டு அது கொழும்பு நூதனசாலைக்குப் போனது. காடு சீறினால் துப்பாக்கி எடுப்பது ஒரு வழி. வாழைச்சேனையில் இறங்கினால் வேறு வழி தெரியும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீற்றரில் இருக்கிறது வாழைச்சேனை. மீன்பிடித் துறைமுகம், சந்தை, சந்தியில் முச்சக்கர வண்டிகள், ஒரு பக்கம் ஓட்டமாவடி, மறுபக்கம் பேத்தாழையும் கல்குடாவும். பாசிக்குடாவுக்கு அவசரமாகப் போகும் உல்லாசப் பயணிகளுக்கு வாகனம் மாறுகிற இடம், அவ்வளவுதான். 1950களில் இங்கே எழுந்த கடதாசி ஆலைதான் ஒரு தலைமுறைக்கு ஊரின் பெருமை. வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் கூழாக்கி நாட்டின் பள்ளிக்கூடங்களுக்குக் கொப்பித்தாள் செய்தார்கள். ஆலையின் கழிவு களப்பில் போய்ச் சேர்ந்தது என்பது அந்தப் பெருமையின் மறுபக்கம். பின்பு யுத்தத்திலும் நட்டத்திலும் ஆலை படுத்துவிட்டது.

மாதுறு ஓயா இந்தக் களப்பு வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. அதன் மேற்பகுதியில் மகாவலித் திட்டத்தின் கீழ் 1983 இல் ஒரு பெரிய அணையைக் கட்டி முடித்தார்கள். அணைக்கு இடம் குறித்துத் தோண்டியபோது, அதே இடத்தில் பழங்கால மதகு ஒன்று மண்ணுக்குள் கிடந்தது. பல நூற்றாண்டுக்கு முந்திய யாரோ ஒருவரும் இதே தண்ணீரை இதே இடத்தில்தான் மறிக்க நினைத்திருக்கிறார். மாரியில் வான் கதவு திறந்தால் கீழே கிரான், கிண்ணையடிப் பக்கத்து வயல்களில் வெள்ளம் ஏறும். ஆற்றங்கரைக் கிராமத்தார் தோணியில் கடைக்குப் போவார்கள்.

காற்றுக்கு வந்தால், 1978 நவம்பர் 23 என்ற தேதியை இங்கே அறுபது தாண்டிய எவரும் கேட்காமலே சொல்வார். அன்று கிழக்குக் கரையை அடித்த சூறாவளியில் 900 பேருக்கு மேல் இறந்தார்கள். தென்னந்தோட்டங்கள் தலையில்லாமல் நின்றன. அடுத்தது கடலின் முறை. 2004 டிசம்பர் 26, பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை முழுவதும் 35,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போன அந்தக் காலையில் கல்குடா, களப்பு வாயிலில் இருக்கும் நாசிவந்தீவு, வடக்கே வாகரை என்று கரையோரம் முழுவதையும் அலை எடுத்தது. சூறாவளிக்குத் தப்பியவர் சுனாமியில் போனதும், இரண்டுக்கும் தப்பியவர் நடுவில் யுத்தத்தில் போனதுமாக, ஒவ்வொரு குடும்பத்திலும் இழப்பு வரிசையாக இருக்கிறது.

நான் போனது வாழைச்சேனைக்குப் பக்கத்து ஊரொன்றில் உள்ள சிறிய அம்மன் கோயிலுக்கு. தகரக் கூரை, சுற்றிவரக் கிடுகு வேலி, வாசலில் ஒரு பெரிய வேம்பு. சடங்கு தொடங்கி நடுவில் ஒரு நாள். பூசை செய்யும் கட்டாடியார் எழுபதை நெருங்கியவர், மெலிந்த தேகம், கழுத்தில் உருத்திராட்சம். சடங்கு முடியும்வரை வீட்டுக்குப் போகமாட்டார். கோயில் மண்டபத்தில்தான் படுக்கை. ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் மரக்கறி. செத்தவீட்டுக்கோ துடக்கு வீட்டுக்கோ போகக்கூடாது. வயலும் கொஞ்சம் மாடும் வைத்திருக்கிற சாதாரணக் கமக்காரர்தான் மற்ற மாதங்களில்.

"ஐயா, இந்த வேலைக்கு நீங்க எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க மனே வந்தன்? அவ கூப்பிட்டா" என்றார். பதினேழு வயதில் காய்ச்சல் மாதிரி ஒன்று வந்ததாம். பரியாரியார் கொடுத்த குடிநீருக்கும் அடங்கவில்லை, ஆஸ்பத்திரி மருந்துக்கும் அடங்கவில்லை. பறைச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். அப்போதைய கட்டாடியார் வந்து பார்த்து, தண்ணீர் ஓதித் தெளித்து, ஏறியிருப்பது தெய்வமா வேறெதுவுமா என்று கேள்விமேல் கேள்வி கேட்டுச் சோதித்திருக்கிறார். "நாம தேடிப் போனா அது வேசம். அது நம்மளத் தேடி வந்தாத்தான் தெய்வம். வந்தா மறுகா ஒண்ணாண்டு சொல்ல ஏலா."

தெய்வம் ஏறுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தை வர்ணிப்பார்கள். கண் சிவப்பதை, வேப்பிலை அடிப்பதை, தீக்குமேல் நடப்பதை. மட்டக்களப்பில் புன்னைச்சோலைக் காளி கோயில் தீமிதிப்பைப் பார்த்தவர் யாரும் அந்த வர்ணனையைத் தவிர்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஆடுகிறவரோடு உட்கார்ந்து பேசினால் அவர் சொல்வது வேறு. அவருக்கு அது ஒரு பதவியுமல்ல, பேரின்பமுமல்ல. ஊர் தன்மேல் சுமத்திய வேலை. "மழை பெய்யல்லண்டா என்னத்தான் பாப்பாங்க. கச்சேரிக்குப் போய் ஏஜன்டர்ட கேக்கமாட்டாங்க. எனக்கு என்ன தெரியும் மனே, மழையப் பத்தி? ஆனா நான் விரதத்தில பிழை விட்டனா எண்டு ராவெல்லாம் யோசிப்பன்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மழை தவறினால் தன் நடத்தையைப் பரிசோதிக்கிற மனிதர். வானிலை அறிவியலின்படி ஒரு கமக்காரரின் விரதத்துக்கும் வடகீழ்ப் பருவக்காற்றுக்கும் சம்பந்தமில்லை. அவருக்கும் அது ஓரளவு தெரியும். கைபேசியில் வானிலை அறிவித்தல் பார்க்கிறவர்தான். ஆனாலும் 'இதில் என் பங்கு என்ன' என்று கேட்கும் பழக்கம் அவருக்கு அந்த அழைப்போடு வந்து சேர்ந்திருக்கிறது. நாட்டில் அணை கட்டியவர்களும் ஆலைக் கழிவைத் திறந்துவிட்டவர்களும் அப்படி ஒரு இரவாவது விழித்திருந்தார்களா என்று தெரியவில்லை.

சடங்கின் கடைசி இரவில், குளிர்த்தி நள்ளிரவைத் தாண்டித் தொடங்கியது. பெரிய பானை ஒன்றில் மஞ்சள் தண்ணீர். அதில் வேப்பிலைக் கொத்துகள், சந்தனம், இளநீர், கமுகம்பூ. பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூக்களும் அதற்குள்ளேயே போயின. கட்டாடியார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டார். தெய்வத்தின்மேல் மூச்சுப் படக்கூடாது. உடுக்கு மெதுவாகப் பேசத் தொடங்க, இருவர் ஏட்டைப் பார்க்காமலே குளிர்த்திப் பாட்டை எடுத்தார்கள். ஒவ்வொரு அடி முடிவிலும் வேப்பிலைக் கொத்து பானைக்குள் அமிழ்ந்து எழுந்து, அம்மன் முகத்தருகே அசைந்தது. வேகம் கூடவில்லை. சடங்கின் மற்ற நாட்களில் பறையும் உடுக்கும் ஏறிக்கொண்டே போகும். இன்று எல்லாம் இறங்கின. எனக்குப் பக்கத்திலிருந்த ஆச்சி ஒருவர் தன் பேத்தியின் நெற்றியைத் தடவிக்கொண்டே வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தாய் தடவுகிற அதே கைப்பக்குவத்தில்தான் கட்டாடியாரின் வேப்பிலையும் அசைந்தது. பாட்டு முடிந்ததும் தண்ணீரைக் கூட்டத்தின்மேல் தெளித்தார்கள். மிச்சத்தைச் செம்பிலும் போத்தலிலும் வாங்கிக்கொண்டு போனார்கள், வீட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் தெளிக்க.

கண்ணகி கதை தமிழர் எல்லோருக்கும் தெரியும். மதுரை எரிந்ததோடு காப்பியம் படித்தவர்களுக்குக் கதையின் உச்சம் முடிந்துவிடுகிறது. இங்குள்ளவர்களுக்கு அதன் பிறகுதான் வேலை தொடங்குகிறது. எரித்தவள் எரிந்துகொண்டே இருக்க முடியாது. அவளை யாராவது குளிர்விக்க வேண்டும். ஆய்ச்சியர் அவளைக் குளிர்வித்ததாக இங்கே வழக்கு. முல்லைத்தீவு வற்றாப்பளையில் கதை மாடு மேய்த்த சிறுவர்களிடம் போகிறது. அங்கே இன்றும் வைகாசியில் கடல்நீரில் விளக்கு எரிகிறது. கயவாகு மன்னன் கண்ணகி வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்த கதையும் எல்லோருக்கும் தெரியும். சிங்களவரிடம் அவள் பத்தினித் தெய்வம். கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பெரிய ஆய்வுநூல் முழுவதும் அவளைப் பற்றியது. நோயும் வரட்சியும் வந்தால் இரு பக்கத்தாரும் கொம்பு இழுத்தார்கள். தமிழில் கொம்புமுறி. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டு அணியாகப் பிரியும். ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. இரண்டு கொம்புகளைக் கோத்து, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். தோற்றவர்களுக்கு வசைப்பாட்டு விழும். மழைக்காகப் புருஷன் பெண்சாதிச் சண்டையை ஊரே நடித்துத் தீர்த்துக்கொள்வது என்று இதைச் சொல்லலாம். இப்போது எங்கோ ஒன்றிரண்டு இடத்தில், கலை விழாவாக நடக்கிறது.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணகியின் கோபம் நியாயமானது. அவளை யாரும் அடக்குவதில்லை, கட்டுப்படுத்துவதில்லை, மன்னிப்பதுமில்லை. தவறு செய்தவன் பாண்டியன். ஆனால் அவளைக் குளிர்விப்பவர்கள் எந்தத் தவறும் செய்யாத ஆய்ச்சியரும் கமக்காரரும். அரசன் செய்த பிழைக்கு ஊர் பொறுப்பேற்கிறது. இயற்கை சீறும்போது 'நான் செய்யவில்லையே' என்று ஒதுங்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதையை நான் படித்ததில்லை.

யுத்தகாலத்தில் தெய்வத்தின் இந்த அழைப்பு வேறொரு சுமையையும் தூக்கியது. 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைப் படையினர் கூட்டிப் போனார்கள், திரும்பவில்லை. அப்படிக் காணாமற் போனவர்களின் தாய்மார் பொலிசிலும் முகாமிலும் பதில் கிடைக்காமல் அம்மன் வாக்குக் கேட்கப் போனார்கள். தெய்வம் ஏறிய பெண்கள் அவர்களுக்கு உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று சொன்னார்கள். கேட்டவர்களோடு சேர்ந்து அழுதார்கள். சித்திரவதை பட்டவரின் வலியைத் தங்கள் உடம்பில் காட்டினார்கள். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் அந்த ஆண்டுகளில் மட்டக்களப்பில் தங்கி இவர்களைப் பற்றி எழுதினார். வாய் திறந்தால் ஆபத்து என்ற காலத்தில் நடந்ததைச் சத்தமாகச் சொல்ல அம்மனுக்கு மட்டும் அனுமதி இருந்தது. அம்மன் பேச ஒரு உடம்பு வேண்டும். அந்த உடம்பைக் கொடுத்தவர்கள் ஏழைப் பெண்கள்.

மறுநாள் ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் கோயில் மணி, அந்தப் பக்கம் பாங்கு. இரு சமூகத்துக்கும் இடையில் இரத்தம் சிந்திய ஆண்டுகளும் உண்டு. சந்தையும் களப்பும் பொதுவாகவே இருந்துவந்திருக்கின்றன. தேநீர்க் கடையில் பக்கத்தில் உட்கார்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் குளிர்த்தி பார்த்ததைச் சொன்னேன். "எங்களுக்கும் மழைத் தொழுகை இரிக்கி தம்பி" என்றார். வரட்சி நீண்டால் பள்ளிவாசலுக்குள் தொழாமல் வெளி மைதானத்துக்குப் போவார்கள். பழைய உடுப்பு, பணிந்த நடை. இமாம் மேலாடையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். தொழ முன்பு செய்ய வேண்டியதுதான் பெரிய வேலை என்றார் ஆசிரியர்: பாவமன்னிப்புத் தேட வேண்டும், பறித்த உரிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஸதகா கொடுக்க வேண்டும். "அடுத்தவண்ட வாய்க்காலை மறிச்சுப்போட்டு மழை கேட்டா அல்லாஹ் குடுப்பானா?"

இதே ஓட்டமாவடிப் பகுதியின் உட்புறத்தில், சூடுபத்தினசேனை மஜ்மா நகரில் ஒரு மையவாடி இருக்கிறது. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி, 2020 இல் அரசு எல்லா உடல்களையும் எரிக்கக் கட்டாயப்படுத்தியது. புதைப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் தடை எதுவும் சொல்லவில்லை. மாதக்கணக்கான எதிர்ப்புக்குப் பிறகு 2021 பெப்ரவரியில் அனுமதி கிடைத்தபின் நாடு முழுவதற்கும் ஒதுக்கப்பட்ட இடம் இது. ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டோரை இங்கே அடக்கினார்கள். பெரும்பான்மையோர் முஸ்லிம்கள், மற்றச் சமயத்தவரும் சிலர் உண்டு. உறவினர் சிலருக்கே வர அனுமதி இருந்த அந்த நாட்களில் முகம் தெரியாதவர்களுக்காக மண் வெட்டி, தொழுது, அடையாளம் நட்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள். தண்ணீர் பற்றிய பயம் ஒரு சமூகத்தை நோகடிக்கவும் பயன்படும் என்பதற்கு அந்த ஆணை சாட்சி. வந்த மையித்தைத் திருப்பி அனுப்பாத ஊர் அதற்குப் பதில்.

ஓட்டமாவடியிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் காயன்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணிப் பாலம், பிறகு வாகரை. வலப்பக்கம் கடல் அவ்வப்போது மரங்களுக்கிடையே தெரியும். இடப்பக்கம் பற்றைக்காடு. மதுரங்கேணிக்குளம், குஞ்சன்குளம் போன்ற உட்கிராமங்களில் தமிழ் பேசும் வேடர்கள் இருக்கிறார்கள். செலிக்மன் தம்பதி 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இந்தக் கரையோர வேடர்களுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். தேன், வேட்டை, களப்பு மீன், சேனைப் பயிர் என்று காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள். சடங்கில் அவர்கள் அழைப்பது இறந்துபோன மூத்தோரையும் காட்டுத் தெய்வங்களையும் மட்டுமல்ல. கப்பலேறி வரும் தெய்வங்களையும் அழைப்பார்கள். கடல் தாண்டி வருகிற நோய், கடல் தாண்டி வருகிற ஆட்கள், இரண்டையும் அனுபவித்த கரைக்கு அப்படி ஒரு தெய்வம் தேவைப்பட்டிருக்கும். தேன் எடுக்கப் போகிறவர் முதலில் காட்டுக்குப் படைக்கிறார். கேட்டு எடுப்பது அவருக்கு மரியாதை. கேட்காமல் எடுப்பது களவு.

காயன்கேணிக் கரையில் இறங்கி நின்றால் கடல் பச்சையும் நீலமுமாகக் கோடு பிரிந்து கிடக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே முருகைக்கல். 1998 இல் கடல் சூடேறியபோது இலங்கைக் கரையோர முருகைகள் பெருமளவு வெளுத்துச் செத்தன, பாசிக்குடாவும் அடிபட்டது. அதற்கு முன்பே கல்குடாப் பக்கம் சுண்ணாம்புச் சூளைக்காக முருகைக்கல் உடைத்து எடுக்கிற வழக்கம் இருந்தது. வீடு கட்ட வெள்ளை பூசினோம், அதற்குக் கடலின் மதிலை உடைத்தோம். இந்த உடைப்பின் விலை என்ன என்பதைச் சுனாமிக்குப் பிறகு தென்மேற்குக் கரையில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முருகை பிழைத்திருந்த ஹிக்கடுவையில் அலை குறைவாகவே ஏறியது. முருகை தோண்டப்பட்டிருந்த பெரலியப் பகுதியில் ஊரையும், நின்றிருந்த ரயிலையும் அள்ளிக்கொண்டு போனது. காயன்கேணி முருகைப் பகுதி 2019 இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் கரையில் வலை காயப்போட்டிருந்த மீனவர் ஒருவர் சொன்னது வேறு: "போர்ட்டுப் போட்டா ஆரும் பயப்படமாட்டாங்க. கடல்நாச்சிக்குப் பயந்த காலத்தில கல்லை உடைக்கல்ல எண்டு சொல்லவும் ஏலா, அப்பயும் உடைச்சாங்கதான். ஆனா ஒருத்தன் உடைச்சா நாலு பேர் பேசுவாங்க. இப்ப பேசறதுக்கும் ஆளில்ல."

அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பழைய நம்பிக்கைக்குள் எல்லாம் இருந்தது என்று எழுதினால் அது கதை. துடக்கு என்று சொல்லிப் பெண்களைக் குளிர்த்தி மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியதும் இதே வழிபாடுதான். பறை அடிக்கிறவர் இல்லாமல் சடங்கு இல்லை. ஆனால் அவருக்குக் கோயிலில் கிடைக்கும் இடம் எங்கே என்று பார்த்தால் வெட்கமாக இருக்கும். சடங்கு முடிந்த காலையில் நான் தங்கிய ஊரில் களப்பு ஓரமெல்லாம் பிளாஸ்டிக் கோப்பையும் சோற்றுப் பார்சலும் கிடந்தன. அம்மாளைக் குளிர்வித்த கைதான் அதையும் எறிந்தது. இன்னொரு பக்கம், பல ஊர்களில் கட்டாடியார் கோயில் கோபுரக் கோயிலாகிறது. ஐயர் வந்து ஆகமப் பூசை செய்கிறார், கதவு வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது, ஒலிபெருக்கி எட்டுத் திசைக்கும் கேட்கிறது. கும்பாபிஷேகச் செலவுக்கு வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது. அதில் ஊர்க்காரருக்குப் பெருமை. குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் மழை தவறினால் இரவில் தூங்காமல் கிடக்க ஒரு ஆள் அந்தக் கோயிலில் இனி இருப்பாரா?

கட்டாடியார் தன் மகன் இந்த வேலைக்கு வரமாட்டான் என்று சாதாரணமாகச் சொன்னார். மகன் கட்டாரில். பேரன் உடுக்குச் சத்தம் கேட்டால் கைபேசியில் படம் எடுப்பான். "அவ வேணுமெண்டா ஆரையாவது கூப்பிடுவா. அதுக்கு நான் ஏன் கவலப்படணும்?" அழைப்பு குடும்பச் சொத்தல்ல என்பதில் அவருக்கு இருந்த தெளிவு என்னைத் திரும்பும் வழியெல்லாம் யோசிக்க வைத்தது.

ஏனென்றால் அழைப்பு வேறு சிலருக்கு வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் கரை மணலிலிருந்து இல்மனைட் அகழும் திட்டத்துக்கு எதிராக ஊர் மக்கள் பதாகை பிடித்து வீதிக்கு வந்திருக்கிறார்கள். மணல் போனால் கிணறு உப்பாகும், அடுத்த அலைக்குத் தடை இருக்காது என்பது அவர்கள் வாதம். வாகரையில் இறால் பண்ணைத் திட்டத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. கண்ணாக்காடு அழிந்தால் களப்பில் மீன் எங்கே பெருகும் என்று கேட்டார்கள். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் மாட்டுக்காரர்கள் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். மாட்டுப்பட்டியைக் காக்கும் வதனமாருக்குச் சடங்கு செய்கிற சமூகம் அது. பட்டியையும் புல்லையும் காப்பது தெய்வத்தின் வேலை என்று விட்டுவிட்டு அவர்கள் வீட்டில் இருக்கவில்லை.

இவர்களில் யார்மீதும் தெய்வம் ஏறியதாகச் சொல்ல முடியாது. அவர்களுக்கு முன்னால் இருப்பதும் பாண்டியன் கதைதான்: பிழை மேலே நடக்கிறது, வெக்கை கீழே அடிக்கிறது. இலாபம் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகும். கிணறு உப்பாவது கதிரவெளியில். அப்படியிருக்க, 'நாம் செய்யவில்லையே' என்று ஒதுங்காமல் முன்னால் வந்து நிற்கிறவரைக் கண்ணகி கோயில் வாசலில் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். வித்தியாசம் ஒன்று உண்டு, அது முக்கியமானது. கட்டாடியார் தன் விரதத்தில் பிழை தேடினார். இவர்கள் அனுமதிப்பத்திரத்தில் பிழை தேடுகிறார்கள். இரண்டும் வேண்டும். தன்னை மட்டும் சோதிக்கிறவனைக் கொம்பனிக்காரன் எளிதாக ஏமாற்றிவிடுவான். கொம்பனியை மட்டும் சோதிக்கிறவன் தன் கையிலிருந்த பிளாஸ்டிக் கோப்பையைக் களப்பில் எறிவான்.

மட்டக்களப்பின் கண்ணகி கோயில்கள் பலவும் வருடத்தில் ஒரு முறைதான் திறப்பது அழகான வழக்கம். ஆனால் கச்சான் வீசும் மாதம் இப்போது நீண்டுகொண்டே போகிறது. மழை தவறி வருகிறது, வந்தால் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. வைகாசிக்கு மட்டும் ஒதுக்கிய கடமை இனிப் போதாது. குளிர்த்தித் தண்ணீரை வீட்டுக்கும் பட்டிக்கும் கொண்டுபோய்த் தெளிக்கிற அந்த மக்கள், அதே அக்கறையை முருகைக்கும் மணலுக்கும் கண்ணாக்காட்டுக்கும் நீட்டினால், அதற்குப் புதிய தெய்வமோ புதிய சாத்திரமோ தேவையில்லை. தேவையான எல்லாம் அந்தச் சடங்குக்குள்ளேயே இருக்கிறது: நோன்பு, பங்கீடு, கூடி நிற்றல், தன் பிழையைத் தேடுதல். அதைக் கோயில் வாசலுக்கு வெளியே செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.